அம்மியில் படிந்திருந்த தூசி

2024 ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாத்தூர் பக்கத்தில் ஒரு கிராமத்தில், ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நான்கு பக்கப் படிவம் ஒன்றை நிரப்பிக்கொண்டிருந்தேன். பிளஸ் டூ முடிவுகள் வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. நான் தன்னார்வலராக இருக்கும் டிரஸ்ட்டில், கல்லூரிப் படிப்புக்கு உதவி கேட்டு விண்ணப்பிக்கும் பிள்ளைகளின் வீட்டுக்கு இரண்டு பேர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்பது முறை. அகரம் மாதிரிப் பெரிய அமைப்புகளும் தங்கள் ‘விதை’ திட்டத்துக்கு இப்படித்தான் வீடு தேடிப் போய்ப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கின்றன. காகிதத்தில் எல்லா வறுமையும் ஒரே மாதிரி இருக்கும், நேரில் பார்த்தால்தான் தெரியும் என்பார்கள். அதை நானும் நம்பித்தான் போனேன்.

அந்தப் பெண் 600-க்கு 561 எடுத்திருந்தாள். அப்பா இல்லை. அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறார். (எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை, அது ‘ஆபீஸ்’தான்.) எலக்ட்ரானிக்ஸ் படிக்க வேண்டும் என்றாள். கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியின் பெயரைச் சொன்னாள். அவள் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உள்ள 7.5 சதவீத இடஒதுக்கீடும், அதோடு படிப்புச் செலவையும் விடுதிச் செலவையும் அரசே ஏற்கும் ஏற்பாடும் அவளுக்குக் கிடையாது. முதல் பட்டதாரி சலுகை உண்டு, அது படிப்புக் கட்டணத்தில் கழியும். விடுதிக்கும் மெஸ்ஸுக்கும்தான் வழியில்லை. இதையெல்லாம் அவளே தெளிவாகக் கணக்குப் போட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். ஒரு கூட்டல்கூடத் தப்பில்லை.

உள்ளே மூலையில் ஒரு ஃப்ரிட்ஜ் இருந்தது. புதிது. கதவில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக்கூட இன்னும் உரிக்கவில்லை. என் பார்வை அங்கே போனதை அந்த அம்மா கவனித்துவிட்டார். “தவணைல எடுத்தது சார். ஆபீஸ் விட்டு வர ராத்திரி எட்டாயிருது. காலைல வச்ச குழம்பு கெடாம இருக்கணும்ல” என்றார். தலையாட்டினேன். ‘வீட்டில் உள்ள பொருட்கள்’ என்ற கட்டத்தில் ‘புதிய ஃப்ரிட்ஜ் உள்ளது’ என்று எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டேன். அவர் சொன்ன காரணத்தை எழுதவில்லை. அதற்குப் படிவத்தில் இடமில்லை என்று அப்போது நினைத்தேன்.

ஜூலையில் தேர்வுக் கூட்டம். முப்பது பேருக்குத்தான் பணம் இருந்தது, கோப்புகள் தொண்ணூறுக்கு மேல். அவள் கோப்பு வந்தபோது ஒருவர் புரட்டிப் பார்த்துவிட்டு, “ஃப்ரிட்ஜ் எல்லாம் இருக்கே, சமாளிச்சுக்குவாங்க” என்றார். கோப்பு, வேண்டாம் என்று ஒதுக்கும் இடது பக்க அடுக்குக்குப் போனது. நான் அங்கேதான் இருந்தேன். பேசவில்லை. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஏன் என்று சொல்ல எனக்குப் பதினாறு வருடம் பின்னால் போக வேண்டும்.

அத்தை வீட்டுக்குப் போன மிக்ஸி

2008-ல் நான் பிளஸ் டூ முடித்தேன். எங்கள் வீடும் தீப்பெட்டியை நம்பித்தான் இருந்தது. அம்மா பகலில் ஆபீஸில் கட்டை அடுக்குவார், ராத்திரி வீட்டில் பெட்டி ஒட்டுவார். ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. குரோஸ் கணக்கில்தான் கூலி. அம்மாவின் வலது கை ஆள்காட்டி விரலில் பசை காய்ந்து காய்ந்து தோல் உரிந்தே இருக்கும். மிளகாய் அரைத்தால் அந்த விரல் எரியும். அதனால்தான் தவணைக்காரரிடம் ஒரு மிக்ஸி எடுத்தார். வாரம் ஐம்பது ரூபாய். எங்கள் வீட்டில் அம்மா தனக்கென்று வாங்கிய முதல் பொருள் அதுதான் என்று நினைக்கிறேன்.

நான் உதவி கேட்டு விண்ணப்பித்திருந்த இதே டிரஸ்ட்டிலிருந்து வீடு பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்ததும் அம்மாவுக்குக் கை கால் ஓடவில்லை. காலையிலேயே மிக்ஸியைப் பழைய சேலையில் சுற்றி என் தலையில் ஏற்றி, அடுத்த தெருவில் அத்தை வீட்டில் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். பத்து வீடு தாண்டித் தலையில் மிக்ஸியோடு நடந்தேன். என்ன கொண்டு போகிறாய் என்று ஒருவர் கேட்டார், துணி என்றேன். பரீட்சையில் பிட் அடிக்காத பையன் நான். அன்றைக்குத்தான் முதன்முதலாக, படிக்க வேண்டுமென்றால் பொய் சொல்ல வேண்டும்போல இருக்கிறது என்று தோன்றியது.

வந்தவர் ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர். நாங்கள் எல்லோரும் பிறகு ‘கணக்கு சார்’ என்றே அழைத்தோம். வெள்ளை வேட்டி, சைக்கிள், சட்டைப் பையில் இரண்டு பேனா. நிதானமாக எல்லாம் கேட்டார். கடன் எவ்வளவு, யாரிடம், என்ன வட்டி. பேச்சோடு பேச்சாக, “இத்தனை வேலைக்கு நடுவுல எப்படிம்மா அரைக்கிறீங்க?” என்றார். “அம்மிலதான் சார்” என்றார் அம்மா. கை கழுவ அவர் கொல்லைப் பக்கம் போனார், நான் செம்பில் தண்ணீரோடு பின்னாலேயே போனேன். அம்மி அங்கேதான் கிடந்தது. மேலே தூசி. குழவிக்கும் கல்லுக்கும் நடுவில் சிலந்தி வலை. அதை அவர் பார்த்தார். நான் பார்த்ததையும் பார்த்தார். தண்ணீரை வாங்கிக் கை கழுவிவிட்டு, “காமர்ஸ்ல அக்கவுண்டன்சி பிடிக்குமா, எகனாமிக்ஸ் பிடிக்குமா?” என்று கேட்டார். அவ்வளவுதான். ஒரு மாதத்தில் டிரஸ்ட்டிலிருந்து கடிதம் வந்தது.

ஃபீஸ் கட்டினால் போதுமா?

இன்று நான் ஆடிட்டர். மற்ற வேலைகளோடு சில அறக்கட்டளைகளின் கணக்கையும் பார்க்கிறேன். அதனால் ஒரு பிள்ளை வேலைக்குப் போகிற வரைக்கும் எது அவளைத் தாங்குகிறது என்பதை இரண்டு பக்கமிருந்தும் பார்த்தவன் நான். கொடுப்பவர்களுக்குக் கல்லூரிக் கட்டணம் என்றால் பிடிக்கும். சுத்தமான செலவு அது. கல்லூரி ரசீது தரும், டிரஸ்ட் வருமான வரிச் சலுகைக்கான 80ஜி ரசீது தரும், ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நான் பார்த்தவரை, படிப்பைப் பாதியில் விட்ட பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் கட்டணம் இல்லாமல் விட்டவர்கள் இல்லை. பஸ்ஸுக்கும் மெஸ்ஸுக்கும் காசில்லாமல் விட்டவர்கள், லேப்டாப் ரிப்பேராகி ஒரு செமஸ்டர் ப்ராஜெக்ட் போனவர்கள், அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் ஊருக்கு வந்து அப்படியே தங்கிவிட்டவர்கள். முதல் வருஷம் ஆங்கிலத்தில் நடத்துவது புரியாமல் மூன்று அரியர் வைத்துவிட்டு, யாரிடம் சொல்வதென்று தெரியாமல் போனை அணைத்து வைத்தவர்கள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது புதிய சேதி இல்லை. விருதுநகரில் 1889-ல் சத்திரிய வித்யாசாலை தொடங்கிய காலத்துக் கதையைச் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். வீட்டுக்கு வீடு சமைக்கிறபோது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பார்கள், அந்தப் பிடி அரிசியைச் சேர்த்து விற்ற காசும் வியாபாரிகள் தங்கள் வியாபாரத்திலிருந்து பொதுக் காரியத்துக்கென்று கொடுத்த பங்கான மகமையும் பள்ளிக்கூடத்துக்குப் போகும். பிள்ளைகளுக்குப் படிப்பு இலவசம். காமராஜர் படித்தது அங்கேதான். ஆனால் அந்தக் கதையின் அடுத்த வரியை நாம் அவ்வளவாகச் சொல்வதில்லை. கட்டணம் வாங்காத அந்தப் பள்ளியிலும் அவரால் தொடர்ந்து படிக்க முடியவில்லை. அப்பா இறந்த வீடு. பையனின் கை வீட்டுக்குத் தேவைப்பட்டது, மாமாவின் கடைக்குப் போனார். பிற்பாடு அவர் முதலமைச்சராக இருந்தபோது 1956-ல் எட்டயபுரத்தில் மதிய உணவு தொடங்கியது. அதற்கும் முதலில் அரசாங்கப் பணம் கிடையாது. அப்போது கல்வித்துறை இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலுவும் மற்றவர்களும் ஊர் ஊராகப் போய் மக்களிடம் அரிசியும் பருப்பும் கேட்டுத்தான் ஆரம்பித்தார்கள். அடுத்த ஆண்டுதான் அரசின் பங்கு சேர்ந்தது. கட்டணத்தை ரத்து செய்தால் மட்டும் பிள்ளை பள்ளியில் இருந்துவிடாது என்று சொந்த வாழ்க்கையில் தெரிந்துகொண்ட ஒருவர் செய்த காரியம் அது என்றுதான் எனக்குத் தோன்றும்.

என் விஷயத்துக்கு வருகிறேன். பி.காம். மூன்று வருடத்துக்கும் டிரஸ்ட் கட்டணம் கட்டியது. அதோடு விதிப்படி உதவி முடிந்தது. ஆனால் சி.ஏ., அதாவது ஆடிட்டர் ஆக வேண்டும் என்றால் அதற்குப் பிறகுதான் உண்மையான கஷ்டம். ஆர்ட்டிகிள்ஷிப் என்று மூன்று வருடம் ஓர் ஆடிட்டரிடம் பயிற்சி. சென்னையில் எனக்கு மாதம் 2,000 ரூபாய் ஸ்டைபண்ட். திருவல்லிக்கேணி மேன்ஷனில் மூன்று பேர் தங்கும் அறையில் ஒரு கட்டிலுக்கே அதில் பெரும்பகுதி போய்விடும். கணக்கு சார் டிரஸ்ட்டில் சண்டை போட்டு, இந்த மூன்று வருடத்துக்கும் ஒரு தொகை வாங்கிக் கொடுத்தார். “டிகிரி முடிஞ்சதும் கையை விட்டா பாதிக் கிணறு தாண்டுன மாதிரிதானே” என்று கேட்டாராம். முதல் இண்டர்வியூவுக்கு நான் ரப்பர் செருப்போடு கிளம்பியபோது ஷூ வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். கறுப்பு, எட்டாம் நம்பர், ஒரு சைஸ் பெரிது. “சாக்ஸ் ரெண்டு போட்டுக்க” என்றார்.

இதையெல்லாம்விட முக்கியம், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு வரும் போன். ஐந்து வருடம், ஏறக்குறைய ஒரு வாரம் தவறாமல். மூன்று கேள்விதான். சாப்பிட்டியா, தூங்குறியா, எந்தப் பேப்பர் பயமா இருக்கு? சி.ஏ. ஃபைனலில் முதல் முறை இரண்டு குரூப்பும் போனபோது நான் அதை மூன்று வாரம் சொல்லாமல் மறைத்தேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுத 12,000 சம்பளத்தில் கூப்பிட்டிருந்தார்கள். வீட்டுக் கடனுக்கு அது பெரிய பணம். நாலாவது வாரம் “எந்தப் பேப்பர் பயமா இருக்கு?” என்று அவர் கேட்டபோது உடைந்துவிட்டேன். எல்லாத்தையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: “வேலைக்குப் போ, வேண்டாங்கல. ஆறு மாசம் கழிச்சுப் போ.” ஆறு மாத அறை வாடகையை அவரே அனுப்பினார். பென்ஷன் பணம் என்று பின்னால்தான் தெரியும். மூன்றாவது முயற்சியில், 2016-ல் பாஸ் செய்தேன். அடுத்த வருடம் அவர் இறந்துபோனார்.

அந்த ஷூவும், அந்த வாடகையும், அந்த போன் கால்களும் எந்த டிரஸ்ட் கணக்கிலும் இல்லை. வவுச்சர் இல்லாத செலவுகள். இப்போது சில அமைப்புகள் இதைப் புரிந்துகொண்டு, பிள்ளைகளோடு வாராவாரம் பேசுவதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் வைக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் அந்தச் சம்பளம் கணக்கில் எங்கே வருகிறது தெரியுமா? பெரும்பாலும் ‘நிர்வாகச் செலவு’ என்ற தலைப்பில். நன்கொடை தருகிறவர் முதலில் கேட்கும் கேள்வியே உங்கள் நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம் என்பதுதான். கம்பெனிகள் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிற சிஎஸ்ஆர் சட்டத்தில் நிர்வாகச் செலவுக்கு 5 சதவீத வரம்பு உண்டு. அது கம்பெனி தன் பக்கம் செய்யும் செலவுக்கான வரம்பு. ஆனால் நான் பார்த்த சில கம்பெனிகள் பணம் வாங்கும் டிரஸ்ட்டிடமும் அதையே எதிர்பார்க்கின்றன. கடைசியில் என்ன ஆகிறதென்றால், பிள்ளையைக் கரை சேர்க்கிற ஆளின் சம்பளம்தான் முதலில் வெட்டப்படுகிறது. ஆடிட்டராக நானும் பல ஆண்டறிக்கைகளில் ‘நிர்வாகச் செலவு மிகக் குறைவு’ என்ற வரியைப் பார்த்து மெச்சியிருக்கிறேன். இப்போது அந்த வரியைப் பார்த்தால், அந்தப் பிள்ளைகளுக்கு யார் போன் செய்கிறார்கள் என்று கேட்கிறேன்.

காலிக் கட்டம்

2024 ஆகஸ்ட் கடைசியில் டிரஸ்ட் அலுவலகம் வேறு இடத்துக்கு மாறியது. பழைய இரும்பு பீரோவைக் காலி செய்யும் வேலையில் நானும் இருந்தேன். 2008 என்று எழுதிய கட்டுக்குள் என் கோப்பு இருந்தது. மூலையில் கரையான் லேசாக அரித்திருந்தது. உள்ளே கணக்கு சாரின் கையெழுத்தில் படிவம்.

உட்கார்ந்து படித்தேன். ஒவ்வொரு கட்டமும் பொடிப் பொடி எழுத்தில் நிரம்பியிருந்தது. கூரை: ஓடு, சமையல் மூலையில் ஒழுகும். கடன்: 14,000, அதில் 9,000 மாதம் மூன்று வட்டி. சம்பாதிக்கும் கைகள்: ஒன்று. தங்கை ஆறாம் வகுப்பு, இந்தப் பையன் படிக்கப் போனால் அவளைப் பெட்டி ஒட்ட உட்கார வைக்கும் அபாயம் உண்டு, கவனிக்க. இப்படியே போனது. ‘வீட்டில் உள்ள பொருட்கள்’ என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது. ஒரு கோடுகூடக் கிழிக்கவில்லை.

காலிக் கட்டத்தைப் பார்த்தால் மறந்துவிட்டார்கள் என்று நினைக்கலாம். அவரைத் தெரிந்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். விடைக்குப் பக்கத்தில் ‘ரூபாய்’ என்று எழுத மறந்தால் அரை மார்க் குறைக்கிற ஆள் அவர். மிக்ஸி உண்டு என்று எழுதினால் நான் இடது பக்க அடுக்குக்குப் போவேன். இல்லை என்று எழுதினால் பொய். அம்மாவின் பொய்யைத் தன் கையெழுத்தில் எழுதவும் அவருக்கு மனமில்லை, அதைக் காட்டிக்கொடுக்கவும் மனமில்லை. விட்டுவிட்டார்.

கடைசிப் பக்கத்தில் ஒரு குறிப்பு இருந்தது: ‘தாயார் மிகுந்த மானஸ்தர். விழா மேடைக்கு அழைக்க வேண்டாம்.’ அதைப் படித்ததும் என்னால் அங்கே உட்கார முடியவில்லை, எழுந்து வெளியே வந்துவிட்டேன். டிரஸ்ட் ஆண்டு விழாவில் மற்ற பிள்ளைகளின் அம்மாக்களையெல்லாம் மேடையேற்றி, காசோலையைக் கையில் கொடுத்துப் படம் எடுப்பார்கள். என் அம்மாவை மட்டும் ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. எங்களை மதிக்கவில்லை என்று பல வருடம் மனதுக்குள் ஒரு மனத்தாங்கல் வைத்திருந்தேன்.

கோடு போட்டு எழுதிய என் கை ஞாபகம் வந்தது. ‘புதிய ஃப்ரிட்ஜ் உள்ளது.’

தேர்ந்தெடுக்காமல் முடியாது என்பது எனக்குத் தெரியும். முப்பது பேருக்குப் பணம், தொண்ணூறு பேர் வாசலில். இரண்டு மாடி வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு ஓட்டு வீட்டைக் காட்டிய குடும்பத்தையும் பார்த்திருக்கிறேன். சரிபார்க்கத்தான் வேண்டும். ஆனால் எதைப் பார்ப்பது? கணக்கு சார் கடனைப் பார்த்தார், வட்டியைப் பார்த்தார், சம்பாதிக்கும் கைகளை எண்ணினார், இந்தப் பிள்ளை நாலு வருடம் சம்பாதிக்காமல் இருந்தால் அந்த வீட்டில் வேறு யார் விலை கொடுப்பார்கள் என்று பார்த்தார். குழம்பு கெடாமல் இருக்க ஒரு பெண் தவணையில் வாங்கிய பொருளைப் பார்த்து அவள் மகளின் நாலு வருடத்தை முடிவு செய்ய நினைத்தவன் நான்தான்.

அடுத்த கூட்டத்தில் அந்தக் கோப்பை மறுபடி எடுக்கச் சொன்னேன். படிவத்தை நான் சரியாக நிரப்பவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு மாணவர் வேறு உதவி கிடைத்து விலகியதால் அக்டோபரில் இடம் கிடைத்தது. ஆனால் அதற்குள் பொறியியல் கலந்தாய்வு முடிந்திருந்தது. விடுதிக்குப் பணம் வராது என்று தெரிந்ததும், கல்லூரிகளை வரிசைப்படுத்தும்போது அவள் பஸ்ஸில் போய் வரக்கூடிய கல்லூரிகளை மட்டுமே போட்டிருக்கிறாள். அவளுடைய கட்ஆஃபுக்கு கோயம்புத்தூர் கிடைத்திருக்கும். இப்போது தினமும் போக ஒன்றே முக்கால் மணி நேரம், வர ஒன்றே முக்கால் மணி நேரம். அந்த நேரத்தை எங்களால் அவளுக்குத் திருப்பித் தர முடியாது. பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் டிரஸ்ட் கொடுக்கிறது, லேப்டாப் வாங்கிக் கொடுத்தோம். அந்த டிசம்பரில் புதுமைப் பெண் திட்டம் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரிவானதால் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. ஞாயிறு ராத்திரி எட்டு மணிக்கு நான் போன் செய்கிறேன். முதல் சில வாரம் “நல்லா இருக்கேன் சார்” என்பதற்கு மேல் பேச்சு வராது. ஒரு நாள் நானாக என் முதல் ஃபைனல் ரிசல்ட்டைப் பற்றிச் சொன்னேன். அடுத்த வாரம், “சார், சர்க்யூட்ஸ் பேப்பர்தான் பயமா இருக்கு” என்றாள்.

கோப்பு கிடைத்த அன்று ராத்திரி அம்மாவிடம் சொன்னேன். காலிக் கட்டத்தைப் பற்றியும், மேடைக்கு அழைக்க வேண்டாம் என்று கணக்கு சார் எழுதியிருந்ததைப் பற்றியும். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “அன்னைக்கு அம்மியக் கழுவி வைக்கணும்னு நெனச்சேன்யா. மிக்ஸிய அனுப்புற அவசரத்துல மறந்துட்டேன்” என்றார். அந்த விரலைக் கட்டை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்:

“அந்தப் பிள்ளைக்கு மாத்தி எழுதிக் கொடுத்துட்டியா?”